பட்டா எங்கே என்று கேட்டவன் நான்



சாமை சாகுபடி பற்றி எழுதுவதாகப் போன இதழில் சொல்லியிருந்தேன். சாமை பற்றித்தான் இந்தக் கட்டுரையும். ஆனால் விதைநேர்த்தி, களையெடுப்பு எல்லாவற்றையும் அடுத்த இதழுக்குத் தள்ளி வைத்துவிட்டு, அந்த விதை எனக்கு எங்கிருந்து வந்தது, கொடுத்தவருக்கு நான் என்ன கடன்பட்டிருக்கிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் அந்தச் சாமையைப் பொங்கித் தின்ன மனசு ஒப்பவில்லை.

பலருக்குத் தெரியும், நான் உழவர் வீட்டுப் பிள்ளை என்றாலும் 36 வருடம் வங்கியில் பேனா பிடித்தவன். 2018-ல் ஓய்வு பெற்ற பிறகுதான் அப்பாவின் நாலு ஏக்கரில் இறங்கினேன். இரண்டு ஏக்கரில் மஞ்சளும் ஊடுபயிரும், மீதியில் மானாவாரியாகச் சிறுதானியமும் நிலக்கடலையும். எங்கள் கொங்குப் பக்கத்தில் கிணற்றுப் பாசனம் இருந்தால் அது தோட்டம், மழையை நம்பி இருந்தால் அது காடு. "காட்டுக்குப் போயிட்டு வரேன்" என்று அப்பா சொன்னால் ஊரில் யாரும் "எந்தக் காடு, யாருடைய காடு" என்று கேட்டதில்லை. இந்த ஒரு சொல்லை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். கதை அங்கேதான் சிக்குகிறது.

மூன்று கைப்பிடித் தானியம்

1997, வைகாசி மாதம். ஈரோடு மாவட்டத்தில் மலையடிவாரத்துக் கிளை ஒன்றில் மேலாளராக இருந்தேன். காலையில் கூட்டம். நகைக்கடன் வரிசையைத் தாண்டி ஒரு பெரியவர் தயங்கித் தயங்கி என் அறைக்குள் வந்தார். கூடவே இருபது வயது மதிக்கத்தக்க மகள். மலையிலிருந்து விடிகாலையிலேயே நடந்து இறங்கி, பிறகு பஸ் பிடித்து வந்திருந்தார்கள். சோளகர்கள். விதைப்புக்கு முன்னால் ஒரு ஜோடி எருது வாங்க எட்டாயிரம் ரூபாய் கடன் வேண்டும் என்றார். என்னைவிட இருபது வயதாவது மூத்தவர், என்னைச் "சாமி" என்று கூப்பிட்டார். நானும் அதைத் திருத்தவில்லை.

"உட்காருங்க பெரியவரே. பட்டா கொண்டு வந்திருக்கீங்களா?"

அவர் இடுப்புத் துணியிலிருந்து மூன்று சின்ன முடிச்சுகளை எடுத்து, என் மேசையில் இருந்த பேரேட்டின் மேலேயே அவிழ்த்து வைத்தார். ராகி, சாமை, அவரை.

"இது எங்க காட்டுல வெளஞ்சதுங்க சாமி."

"தானியம் சரிங்க. பட்டா, சிட்டா, அடங்கல், வரி ரசீது... ஏதாச்சும் ஒரு காகிதம்?"

"காகிதம் இல்லீங்க. எங்கப்பன பொதச்ச எடம் அங்கதான் இருக்குது. அவங்கப்பனையும் அங்கதான் பொதச்சது. கல்லு நட்டிருக்கோம். வந்து பாருங்க சாமி."

பக்கத்தில் நின்ற எழுத்தர் சிரித்தார். நானும் சிரித்தேன் என்பதை இங்கே மறைக்க விரும்பவில்லை. சுடுகாட்டைக் காட்டிக் கடன் கேட்கிற முதல் ஆளை அன்றுதான் பார்த்தேன். "எங்க காடு" என்று அவர் சொன்னது எனக்கு அரசாங்கக் காடு என்றுதான் காதில் விழுந்தது. ஆக்கிரமிப்பு நிலத்துக்குக் கடன் கிடையாது என்று பொறுமையாகவே விளக்கி அனுப்பினேன். அவர் போன பிறகு, பேரேட்டில் சிந்திக் கிடந்த சாமையைக் கூட்டித் தள்ளச் சொன்னேன்.

என் தவறு விதியைப் பின்பற்றியது மட்டுமில்லை. விதியையும் முழுசாகப் பார்க்கவில்லை. நிலத்தை அடமானம் வைக்காமலேயே நலிந்த மக்களுக்கு 4 சதவீத வட்டியில் கடன் தருகிற 'மாறுபட்ட வட்டி விகிதத் திட்டம்' 1972-லிருந்தே இருந்தது. அதில் 40 சதவீதம் பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் போய்ச் சேர வேண்டும் என்பது உத்தரவு. சோளகர் பழங்குடிப் பட்டியலில் இருப்பவர்கள். சாதிச் சான்று இருக்கிறதா என்றுகூட நான் கேட்கவில்லை. பட்டா இல்லை என்றதுமே என் வேலை முடிந்துவிட்டது.

அது எப்படிப்பட்ட காலம் என்பதையும் சொல்ல வேண்டும். வீரப்பன் தேடுதல் நடந்துகொண்டிருந்த வருடங்கள். மலைக்கிராமங்களில் யார் வீட்டுக் கதவை யார் எப்போது தட்டுவார்கள் என்று தெரியாது. அதிரடிப்படையின் அத்துமீறல்கள் பற்றி விசாரிக்க, தேசிய மனித உரிமை ஆணையம் நீதிபதி சதாசிவா தலைமையில் 1999-ல் குழு அமைத்தது. 2007-ல் 89 பேருக்கு 2 கோடியே 80 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. அப்படி ஒரு காலத்தில், மலையிலிருந்து இறங்கி ஓர் அரசு வங்கிக்குள் நுழைய ஒரு சோளகருக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டியிருந்திருக்கும்! அவருடைய காலில் செருப்பு இல்லாததைக் கவனித்த நான், அந்தத் துணிச்சலைக் கவனிக்கவில்லை.

விவசாயி எப்படி ஆக்கிரமிப்பாளர் ஆனார்?

ஓய்வு பெற்ற வருடம் சாமை விதை தேடினேன். கடையில் கிடைத்ததெல்லாம் ஒட்டுமொத்தமாக ஒரே ரகம். மலையில் நாட்டு விதை இருக்கிறது என்று நம் இயக்கத்து நண்பர் ஒருவர் கூட்டிப் போனார். போன இடத்தில் நாற்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மா என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "நீங்க பேங்க்கு சார்தானுங்களே?" என்றார். அன்று அப்பாவுக்குப் பின்னால் நின்ற அதே மகள். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை.

அப்பா இறந்து பல வருடமாயிற்று என்றார். அன்று நான் அனுப்பி வைத்த பிறகு, கடுக்காயும் சீமாற்றுப் புல்லும் வாங்க வருகிற வியாபாரியிடம் முன்பணம் வாங்கித்தான் எருது பிடித்தார்களாம். அந்தக் கடனை அடைக்க, ஆறு வருடம் அவர் சொன்ன விலைக்கே எல்லாவற்றையும் போட வேண்டியிருந்ததாம். இதை அவர் குறையாகச் சொல்லவில்லை. ஊர்ச் செய்தி சொல்வது போலச் சொன்னார். எனக்குத்தான் வாங்கிய மோர் தொண்டையில் இறங்கவில்லை.

அன்று இரவு முதல் படிக்க ஆரம்பித்தேன். வங்கியில் சுற்றறிக்கை படித்துப் பழகிய கண், சட்டம் படிக்கச் சிரமமில்லை.

1882-ல் சென்னை வனச் சட்டம் வந்தது. ஒரு மலையைக் காப்புக்காடாக்கப் போகிறோம் என்று அரசு அறிவிக்கும். அந்த இடத்தில் உரிமை உள்ளவர்கள் குறிப்பிட்ட காலத்துக்குள் எழுதியோ நேரில் வந்தோ கோர வேண்டும். கோராதவர்களின் உரிமை அற்றுப் போகும். எழுத்து தெரியாத, அலுவலகம் எங்கே இருக்கிறது என்றே தெரியாத மக்களின் மலைகள் ஒவ்வொன்றாகக் காகிதத்தில் கைமாறின. அவர்கள் இடம் மாறவே இல்லை. சட்டம்தான் அவர்களைச் சுற்றிக் கோடு போட்டது. கோட்டுக்கு உள்ளே அகப்பட்டவர் ஒரே நாளில் ஆக்கிரமிப்பாளர் ஆனார்.

ஒரே காட்டை விடாமல் உழுவது அவர்கள் முறை அல்ல. ஒரு துண்டைச் சில வருடம் பயிரிட்டு, பிறகு மண் தேறும்வரை தரிசாக விட்டு வேறு துண்டுக்குப் போவார்கள். தரிசு என்பது மண்ணுக்கு ஓய்வு என்று நமக்குத் தெரியும். அளக்க வந்தவருக்கு அது ஆளில்லாத நிலம். இன்று மண் ஓய்வு பற்றிப் பயிற்சி முகாம் நடத்துகிறோமே, அந்த ஓய்வுதான் அவர்களுக்கு எதிரான சாட்சியாயிற்று.

சுதந்திரம் வந்தும் கோடு அழியவில்லை. 1957-ல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 107-ஆம் உடன்படிக்கையைக் கொண்டு வந்தது. பழங்குடி மக்கள் வழிவழியாக அனுபவித்து வரும் நிலத்தின் மீது அவர்களுக்குத் தனியாகவோ கூட்டாகவோ உள்ள உடைமை உரிமையை ஏற்க வேண்டும் என்றது. இந்தியா 1958-ல் அதை ஏற்றுக்கொண்டது. நான் பிறந்த வருடம். அந்த வாக்கு சட்டமாக மாற எனக்கு 48 வயது ஆக வேண்டியிருந்தது. இடையில் 1972-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1980-ல் வனப் பாதுகாப்புச் சட்டம். 2002 மே மாதம் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம், வன ஆக்கிரமிப்புகளை அந்த வருடம் செப்டம்பர் 30-க்குள் அகற்றச் சொல்லி மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. நாட்டின் பல பகுதிகளில் குடிசைகளும் பயிரும் அழிக்கப்பட்டன. அதை எதிர்த்து எழுந்த போராட்டங்களின் விளைவுதான் 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம். தனக்கு முன்பு நடந்தது 'வரலாற்று அநீதி' என்று முகவுரையிலேயே ஒப்புக்கொள்கிற சட்டம் அது.

கல்லும் வரப்பும் சாட்சி

அந்தச் சட்டத்தின் விதிகளில் 13-ஆம் விதியைப் படித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். உரிமைக்கு எதையெல்லாம் ஆதாரமாக எடுத்துக்கொள்ளலாம் என்று அதில் பட்டியல் இருக்கிறது. அரசு ஆவணம், வாக்காளர் அட்டை, குடும்ப அட்டை இருந்தால் சரி. அவை மட்டுமில்லை. வீடு, குடிசை, சமன் செய்த நிலம், போட்ட வரப்பு, கட்டிய தடுப்பணை, கிணறு, கோயில் இடம், புதைத்த இடம் எல்லாம் ஆதாரம். உரிமை கோருபவர் அல்லாத வேறொரு மூத்தவர் சொல்லி, அதை எழுதி வாங்கினால் அதுவும் ஆதாரம். இவற்றில் ஒன்றுக்கு மேற்பட்டது இருந்தால் போதும். குறிப்பிட்ட ஓர் ஆவணம்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கக் கூடாது என்றும் 2012-ல் திருத்தம் செய்தார்கள்.

"எங்கப்பன பொதச்ச எடம் அங்கதான் இருக்குது" என்று 1997-ல் அந்தப் பெரியவர் சொன்னாரே, அதைத்தான் பத்து வருடம் கழித்துச் சட்டம் சொல்லியிருக்கிறது. அவர் சட்டத்துக்கு முன்னால் போய் நின்றவர். நான்தான் பின்னால் இருந்தேன்.

மற்ற முக்கியமான விஷயங்களையும் சுருக்கமாகச் சொல்கிறேன், பயன்படும். பழங்குடியினராக இருந்தால், 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்து அனுபவத்தில் உள்ள நிலத்துக்கு, அதிகபட்சம் 4 ஹெக்டேர் வரை உரிமை கோரலாம். பழங்குடிப் பட்டியலில் இல்லாத மற்ற பாரம்பரிய வனவாசிகள், மூன்று தலைமுறை, அதாவது 75 வருடம், அங்கே வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். உரிமை பிள்ளைகளுக்குப் போகும், விற்க முடியாது. கணவன் மனைவி இருவர் பெயரிலும் சேர்த்தே எழுத வேண்டும். தனி நிலம் மட்டுமில்லை, தேன், கடுக்காய், நெல்லி, மூங்கில் போன்ற சிறு வன மகசூல், மேய்ச்சல், நீர்நிலை, விதை, பாரம்பரிய அறிவு இவற்றுக்கும் ஊருக்குப் பொதுவாக உரிமை உண்டு. விசாரணை முடியாமல் யாரையும் வெளியேற்றக் கூடாது.

முதல் தீர்மானம் கிராம சபையுடையது. அது அமைக்கிற வன உரிமைக் குழுவில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்கள் இருக்க வேண்டும். பிறகு கோட்ட அளவுக் குழு, அதன் மேல் ஆட்சியர் தலைமையில் மாவட்டக் குழு. நிராகரித்தால் காரணத்தோடு எழுத்தில் தெரிவிக்க வேண்டும், 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

சட்டம் மலையேறிய கதை

சட்டம் நன்றாகத்தான் இருக்கிறது. மலையேறுவதற்குள் அதற்கு மூச்சு வாங்கிவிட்டது. தமிழ்நாட்டில் 2008-ல் உயர் நீதிமன்றம் பிறப்பித்த இடைக்கால உத்தரவால் உரிமைப் பத்திரம் வழங்குவது முடங்கிக் கிடந்தது. 2016-ல்தான் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. எட்டு வருடம். சாட்சி சொல்லக்கூடிய மூத்தவர்கள் எத்தனை பேர் அந்த எட்டு வருடத்தில் மண்ணுக்குள் போயிருப்பார்கள் என்று கணக்குப் பாருங்கள்.

தமிழ்நாட்டில் அரசமைப்புச் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணைப் பகுதி என்று ஒரு கிராமம்கூடக் கிடையாது. மலைக்கிராமங்கள் பல, சமவெளி ஊர்களோடு ஒரே ஊராட்சியில் கிடக்கின்றன. கிராம சபை கூடினால் மலைக்காரர்கள் பத்துப் பேர், கீழே இருப்பவர்கள் இருநூறு பேர். பத்துப் பேருடைய காட்டைப் பற்றி இருநூறு பேர் கைதூக்க முடியுமா? குடியிருப்பு வாரியாகச் சபை கூட்ட வேண்டும் என்ற கோரிக்கை அதனால்தான்.

இன்னொரு கொடுமை, மலையாளி மக்களுடையது. சேலம், தருமபுரி மலைகளில் இருக்கும் மலையாளி பழங்குடியினர். அதே மக்கள் ஈரோடு மாவட்டத்தின் பர்கூர், கடம்பூர் மலைகளில் இருந்தால் பட்டியலில் இல்லை. பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற சொந்தம், ஆனால் மாவட்ட எல்லை தாண்டினால் சாதி மாறிவிடுகிறது! பட்டியல் எழுதியபோது போட்ட எல்லை அப்படியே நிற்கிறது. படித்த பிள்ளைகளுக்குச் சான்று இல்லை. வன உரிமை கேட்டால் 75 வருடக் கணக்குக் காட்டு என்கிறார்கள்.

நான் மேலே போன 2018-ல், அந்த அம்மாவின் ஊரில் 19 பேருடைய மனுக்கள் தள்ளுபடி ஆகியிருந்தன. எழுத்தில் ஒன்றும் வரவில்லை. "போதிய ஆதாரம் இல்லைன்னு வாயாலதான் சொன்னாங்க சார்." அடுத்த பிப்ரவரியில், 2019-ல் 13-ஆம் தேதி, மனு நிராகரிக்கப்பட்டவர்களை வெளியேற்றச் சொல்லி உச்ச நீதிமன்ற உத்தரவு வந்தது. நாடு முழுக்கப் பதற்றம். அந்த ஊரில் யாரும் வேலைக்குப் போகவில்லை. 28-ஆம் தேதி நீதிமன்றமே அதை நிறுத்தி வைத்து, நிராகரிப்புகள் முறைப்படி நடந்தனவா என்று மாநிலங்களிடம் விளக்கம் கேட்டது. அந்தப் பதினைந்து நாள் எப்படி இருந்தது என்று அம்மாவிடம் கேட்டேன். "விதை ராகிய ரெண்டு மூட்டையா கட்டி வெச்சேன். தூக்கிட்டு எங்க போறதுன்னுதான் தெரியல" என்றார்.

அந்த வருடம் நம் இயக்கத்தைச் சேர்ந்த நாலு பேரும் ஒரு வழக்கறிஞரும் அவர்கள் குழுவோடு உட்கார்ந்தோம். எழுத்தில் தராத நிராகரிப்புக்கு 60 நாளை எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது என்று கேட்டு மறுவிசாரணை மனு போட்டோம். எனக்குக் கொடுத்த வேலை, ஆதாரப் பட்டியல் எழுதுவது. நடுகல் நடுகல்லாகப் போய், இது யாருக்கு நட்டது, அவர் மகன் யார், பேரன் யார் என்று மூத்த பாட்டி ஒருவர் சொல்லச் சொல்ல எழுதினேன். கல் வரப்புகளை அளந்தோம். ஜிபிஎஸ் கருவியோடு ஊர்ப் பிள்ளைகள் எல்லையைச் சுற்றி நடந்தார்கள். அம்மாவின் காட்டு ஓரத்தில் இரண்டு பழைய கல்லும் ஒரு புதுக் கல்லும் நின்றன. புதுக் கல் அவர் அப்பாவுக்கு. "வந்து பாருங்க சாமி" என்று கூப்பிட்டவரை, 22 வருடம் கழித்துப் போய்ப் பார்த்தேன். பதிவேட்டில் வரிசை எண் போட்டு, "ஆதாரம் 3: நடுகல்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

நெருப்பும் உண்ணிச்செடியும்

உரிமை கொடுத்தால் காடு அழியும் என்பவர்களுக்கு, சத்தியமங்கலம் காட்டை ஒட்டிக் கர்நாடகத்தில் இருக்கும் பிலிகிரி ரங்கன் மலையைக் காட்டுவேன். அங்கும் சோளகர்கள்தான். 1974-ல் சரணாலயம் ஆனது. அதற்கு முன்பு அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. கோடை முற்றுவதற்கு முன்பே காய்ந்த சருகுக்குச் சிறு நெருப்பு வைப்பார்கள். தரகு பெங்கி என்பது அதன் பெயர். சருகு மட்டும் எரியும், மரம் கருகாது. புல் துளிர்க்கும், உண்ணிச்செடி முளையிலேயே கருகும், நெல்லி மரத்துப் புல்லுருவி மட்டுப்படும்.

சரணாலயம் ஆன பிறகு நெருப்புக்குத் தடை. உண்ணிச்செடி புதராகி அடிக்காட்டை மூடியது. நெல்லியில் புல்லுருவி பெருகி மரங்கள் பட்டன. சருகு சேர்ந்து சேர்ந்து, தீப்பிடித்தால் பெருந்தீ ஆயிற்று. நெருப்பை நிறுத்தியதுதான் காரணம் என்று சோளகர்கள் சொன்னதை, அங்கே ஆய்வு செய்தவர்களும் பிற்பாடு பேச ஆரம்பித்தார்கள். பயிருக்குப் பூச்சி வந்தால் மருந்துக்கடைக்காரரிடம் கேட்காதே, பக்கத்துக் காட்டு மூத்தவரிடம் கேள் என்று நாம் சொல்வதில்லையா? காட்டுக்கும் அதே கணக்குதான்.

அதே மலை புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட காலத்திலேயே, 2011-ல் சோளகர்களின் கிராம சபைகளுக்குச் சமூக வன உரிமையும் வழங்கப்பட்டது. புலிகள் காப்பகத்துக்குள் அப்படி உரிமை பெற்ற முதல் மக்கள் அவர்கள். புலியும் இருக்கிறது, அவர்களும் இருக்கிறார்கள்.

நம் பக்கம் பர்கூர் மாட்டைப் பாருங்கள். செம்மேனியில் வெள்ளைத் திட்டுப் போட்ட அந்த மாடு, காட்டில் மேய்ந்து பட்டியில் அடைகிற இனம். அதன் எரு கீழே இறங்கி அந்தியூர்ப் பக்கத்து மஞ்சள் தோட்டங்களை வாழ வைத்தது. மேய்ச்சல் குறையக் குறையப் பட்டிகள் குறைந்தன. அந்த மலைக்காட்டில் 80,000 ஹெக்டேருக்கும் மேலான பரப்பு 2024-ல் தந்தை பெரியார் வன உயிரினச் சரணாலயம் ஆயிற்று. காட்டு விலங்குக்கு இடம் வேண்டும், அதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் சரணாலயத்துக்குள்ளும் வன உரிமைச் சட்டம் செல்லும், மேய்ச்சல் உரிமையும் அதில் உண்டு. அந்த உரிமைகளை முதலில் எழுதிக் கொடுத்துவிட்டு அப்புறம் மற்ற பேச்சு என்பதுதான் முறை.

நம்மவர்கள் கேட்கும் கேள்விகள்

நம் கூட்டங்களிலேயே இந்தப் பேச்சை எடுத்தால் இரண்டு கேள்வி வருகிறது.

"மலைக்காரங்க எல்லாரும் இயற்கை விவசாயமா பண்றாங்க? அவங்களும் களைக்கொல்லி அடிக்கிறாங்களே?" உண்மைதான். நான் போகும் ஊரிலும் பாதிக் காட்டில் மக்காச்சோளம் ஏறிவிட்டது, பின்னாலேயே களைக்கொல்லியும். அவர்களைச் சாமி ஆக்க நான் வரவில்லை. ஆனால் நாளைக்கு இந்த நிலத்தில் இருப்போமா என்று தெரியாதவர், பத்து வருடம் கழித்துப் பலன் தரும் மரத்தையா நடுவார்? நாலு மாதத்தில் காசாகும் பயிரைத்தான் போடுவார். நிலம் நிலைத்தால்தான் மண்ணைப் பற்றி யோசிக்க முடியும். அதோடு, நல்லவர் என்று நிரூபித்தால்தான் உரிமை என்று நம்மை யாராவது கேட்டார்களா? யூரியா போட்டவர் பட்டாவை யாராவது பிடுங்கினார்களா?

"உரிமை கொடுத்தா நாளைக்கு ரிசார்ட்காரன் வாங்கிடுவான்." வாங்க முடியாது. இந்த உரிமையை விற்கவோ வேறு பெயருக்கு மாற்றவோ சட்டத்தில் இடமில்லை. உண்மையைச் சொன்னால், மலை நிலத்தைச் சமவெளி ஆட்களிடமிருந்து காக்கிற பூட்டு அது. அந்தப் பூட்டுதான் எனக்கு அடுத்த பாடத்தைக் கற்றுக் கொடுத்தது.

மறுபடியும் அதே நாற்காலி

கொரோனா எல்லாம் முடிந்து, 2022-ல் 19 பேரில் 11 பேருக்கு உரிமைப் பத்திரம் வந்தது. எட்டுப் பேர் மனு இன்னும் நிற்கிறது. அம்மா கேட்டது இரண்டரை ஏக்கர், எழுதி வந்தது ஒரு ஏக்கர் பத்து சென்ட். தரிசாக விட்டிருந்த துண்டு கணக்கில் வரவில்லை. மீதிக்கு மேல்முறையீடு போட்டிருக்கிறோம். நடுகற்கள் இருக்கும் இடம் பத்திரத்துக்குள் வந்துவிட்டது. அதுவரை சந்தோஷம்.

போன தை மாதம் அவரையும் அவர் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு பயிர்க்கடன் கேட்க ஒரு வங்கிக் கிளைக்குப் போனேன். எந்த வங்கி என்பது வேண்டாம். மேலாளர் தம்பிக்கு முப்பது வயது இருக்கும், மரியாதையான பிள்ளை. பத்திரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சார், இது பட்டா இல்லீங்களே. விற்கவே முடியாதுன்னு போட்டிருக்கு. அடமானம் எப்படி எடுக்கறது?" என்றார்.

அந்த நாற்காலியில் நான் என்னையே பார்த்தேன்.

"தம்பி, 2 லட்சம் வரைக்கும் விவசாயக் கடனுக்கு அடமானமே கேட்கக் கூடாதுன்னு 2025 ஜனவரியிலிருந்து ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கு. அம்மா கேட்கறது 40 ஆயிரம். அரசாங்கம் முத்திரை குத்தின பத்திரம், இவங்க சாகுபடி பண்றாங்கன்னு சொல்லுது. வேற என்ன வேணும்?" என்றேன். அவர் யோசித்தார். மண்டல அலுவலகத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். மனுவை வாங்கி, தேதி முத்திரையோடு ஒப்புதல் சீட்டும் கொடுத்தார். 1997-ல் நான் அதுகூடச் செய்யவில்லை. இதை எழுதும் நாள் வரை பதில் வரவில்லை. மாதம் இரண்டு முறை போய்க் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஓய்வூதியக்காரனுக்கு நேரம்தான் நிறைய இருக்கிறதே.

நாம் செய்ய வேண்டியது

நம் ஆற்றுக்குத் தண்ணீர் அந்த மலையிலிருந்து. நம் விதை வங்கியில் இருக்கும் சாமை, தினை, ராகி ரகங்களில் பலவற்றை அணையாமல் காத்தவர்கள் அவர்கள். அதனால் உதவி என்ற பேச்சே இதில் வேண்டாம், பாக்கியைத் தீர்ப்பது என்று வைத்துக்கொள்வோம்.

மலையோரத்தில் இருக்கும் நம் கிளைகள், பக்கத்து மலைக்கிராமத்தில் வன உரிமைக் குழு இருக்கிறதா, மனுக்கள் எந்த நிலையில் இருக்கின்றன என்று கேட்டு எழுதுங்கள். கிராம சபையில் குடியிருப்பு வாரிக் கூட்டம் வேண்டும் என்ற தீர்மானத்துக்குச் சமவெளிக்காரர்களான நாமும் கைதூக்க வேண்டும். நிராகரிப்பை எழுத்தில் வாங்கத் துணைக்குப் போங்கள். மூத்தவர்கள் வாக்குமூலத்தை இப்போதே எழுதி வாங்குங்கள், அவர்கள் காத்திருக்க மாட்டார்கள். என்னைப் போல வங்கி, வருவாய்த் துறை, நிலஅளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர்கள் நம் இயக்கத்தில் நிறையப் பேர் இருக்கிறோம். படிவம் நிரப்ப, அளக்க, மனு எழுத நம்மைவிட யாருக்குத் தெரியும்? அந்த வித்தையை வைத்து இத்தனை வருடம் கதவைச் சாத்தினோம். இனித் திறப்போம்.

கடைசியாக, விதைக்கு வருகிறேன். 2018-ல் அந்த அம்மா இரண்டு படி சாமை அளந்து கொடுத்தார். விலை கேட்டேன். "விதைக்குக் காசு வாங்கறதில்லீங்க. வெளஞ்சா ரெண்டுக்கு நாலாக் கொண்டாங்க. வெளையலேன்னா மறுபடியும் வாங்கிட்டுப் போங்க" என்றார். என்ன காடு, எத்தனை ஏக்கர், பட்டா யார் பெயரில் என்று ஒன்றும் கேட்கவில்லை. 36 வருடம் கடன் கொடுத்தவன், அடமானம் இல்லாமல் ஒரு கடன் வாங்கிக்கொண்டு மலை இறங்கினேன்.

முதல் வருடம் மழை ஏமாற்றியது. மறுபடி போய் நின்றேன், மறுபடி அளந்தார். அடுத்த வருடம் நாலு படிக்கு எட்டுப் படியாகக் கொண்டு போய்க் கொடுத்தேன். அதை அவர் வீட்டுக் குதிரில் கொட்டும்போது, இரண்டு மூன்று மணி தரையில் சிந்தியது. குனிந்து, ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போட்டேன்.